மணியாச்சியில் நின்ற இரண்டாவது ஆள்: சதி வழக்குச் சாட்சியங்களை எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், ராமேசுவரம் பக்கம் ஊர் வரலாறு திரட்டுபவர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆஷ் கொலை வழக்கைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. வாஞ்சிநாதனுக்கு உடந்தையாக இருந்தவர்கள் யார்? அதைச் சொன்னவர்களை எவ்வளவு நம்பலாம்? ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவைத் தியாகி என்பதும் காட்டிக்கொடுத்தவர் என்பதும் இந்த எடைபோடலில்தான் இருக்கிறது. அதனால் பதில்கள் சற்று நீளமாகவே உள்ளன.

வழக்கு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். திருநெல்வேலியில் காலை 9.30-க்கு ஏறிய வண்டி 10.38-க்கு மணியாச்சி வந்து நின்றது. இலங்கைக் கப்பலுக்கு இணைப்பாக ஓடிய போட் மெயில் ரயில் தூத்துக்குடியிலிருந்து 10.48-க்கு வரவேண்டும். இடையில் இருந்த அந்தப் பத்து நிமிடத்தில், முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிய செங்கோட்டை வாஞ்சி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து, வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார்.

வாஞ்சி வீட்டுச் சோதனையில் கிடைத்த கடிதங்களை வைத்து ஆறுமுகம் பிள்ளை பிடிபட்டார். அவர் வழியாகச் சோமசுந்தரம் பிள்ளை சிக்கினார். இருவரும் அப்ரூவர் ஆனார்கள், அதாவது மன்னிப்புக்கு ஈடாக அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார்கள். வாஞ்சி சேர்ந்திருந்த ரகசியப் புரட்சிச் சங்கத்தை அமைத்த நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) வைத்து 14 பேர் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் வழக்கு நடந்தது. 1912-இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குத் தண்டனை. நீலகண்டருக்கு 7 ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு. தூக்கு யாருக்கும் இல்லை. நீதிபதிகளில் சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

வாஞ்சியோடு மணியாச்சியில் இன்னொருவர் இருந்தாரா?

இருந்தார் என்றுதான் அன்றைய விவரங்கள் சொல்கின்றன. குடுமி வைத்து நேர்த்தியாக உடுத்திய ஒருவரும், வேட்டி கட்டிய இளைஞர் ஒருவரும் பெட்டியை நோக்கி வந்தார்கள். முதலாமவர் வாஞ்சி. அவர் உடல் அங்கேயே கிடைத்துவிட்டதால் அவரை அடையாளம் காண்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் இரண்டாமவரிடம்.

அந்த வருணனையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "வேட்டி கட்டிய இளைஞர்." 1911-இல் ஒரு தமிழ்நாட்டு ரயில் நிலையத்தில் இந்த அடையாளத்துக்குப் பொருந்தாத இளைஞரைத்தான் தேட வேண்டியிருக்கும். உயரம், நிறம், மீசை, தழும்பு, நடை என்று அந்த ஆளுக்கே உரிய ஒன்றும் அதில் இல்லை. அவர் ஒட்டப்பிடாரம் மாடசாமிப் பிள்ளைதான் என்ற மரபு வலுவாக இருக்கிறது. மாடசாமி தலைமறைவானார், கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் "மாடசாமி சங்கத்தைச் சேர்ந்தவர்", "மாடசாமி ஓடிப்போனார்", "மணியாச்சியில் நின்றவர் மாடசாமி" என்பவை மூன்று தனித்தனிக் கூற்றுகள். முதல் இரண்டையும் நிறுவிவிட்டால் மூன்றாவது தானாக நிறுவப்பட்டுவிடாது. தேடப்படுகிறோம் என்று தெரிந்தால், சம்பவ இடத்தில் இல்லாதவரும் ஓடுவார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிடிபடாதவர் மேலும் இறந்தவர் மேலும் பழி எளிதில் ஏறும். இந்த வழக்கில் வாஞ்சி இறந்துவிட்டார். விசாரணைக் கட்டத்திலேயே தர்மராஜ ஐயர் நஞ்சருந்தியும், வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டும் உயிரை விட்டார்கள். மாடசாமி அகப்படவில்லை. கூண்டில் நின்று "இல்லை, அது நான் அல்ல" என்று சொல்ல இந்த நால்வரில் ஒருவரும் இல்லை. உயிரோடு இருந்தவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வரியையும் இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

"கண்ணால் பார்த்தேன்" என்றால் எவ்வளவு தூரம் வரை நம்பலாம்?

முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் சொல்வதற்கு ஆய்வாளர்கள் ஒரு தோராய அளவு வைத்திருக்கிறார்கள். தூரம் 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வெளிச்சம் 15 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக் கூடாது. இன்று ராமேசுவரம் வண்டியில் ஓடும் ஒரு பெட்டியே 20 மீட்டருக்கு மேல் நீளம். ஆகவே ஒரு பெட்டி தள்ளி நின்றவர், முன்பே பழகிய ஆளாக இல்லாவிட்டால், முகத்தைச் சொல்வது பெரும்பாலும் ஊகம். மணியாச்சியில் அது முற்பகல் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது நேரம்.

எந்தச் சாட்சியம் கையில் கிடைத்தாலும், அவர் நின்ற இடத்துக்கும் நிகழ்ச்சிக்கும் எத்தனை அடி, எத்தனை நொடி பார்த்தார், இடையில் தூண், கூட்டம், ஜன்னல் சட்டம் ஏதாவது மறைத்ததா, அந்த ஆளை முன்பே தெரியுமா என்பதை முதலில் எழுதி வையுங்கள். நான்கில் கடைசிதான் மிக முக்கியம். பழகியவரை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதியவரை எதிரே பார்த்தும் தவறவிடலாம்.

கையில் ஆயுதம் இருந்தால் பார்ப்பவர் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் கணவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் துப்பாக்கியைத் துல்லியமாகச் சொல்லலாம். வெளியே நின்ற இரண்டாவது ஆளின் முகத்தையும் அதே துல்லியத்தோடு சொன்னால் யோசிக்க வேண்டும். காதுக்கும் இதே சோதனை உண்டு. அன்று வீசிய காற்றில் துப்பாக்கிச் சத்தமே அமுங்கிப்போனதாகப் பதிவு இருக்கிறது. ஆனி, ஆடிக் காற்றில் மண்டபம் கரையில் நின்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "மேடையின் மறுகோடியில் நின்றேன், இரண்டு வெடி கேட்டது" என்று பிற்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அந்தக் காற்றை அந்த வரிக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

பத்துப் பேர் ஒரே ஆளை அடையாளம் காட்டினால் போதாதா?

எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல. எத்தனை சாட்சி வேண்டும் என்று 1872 இந்தியச் சாட்சியச் சட்டம் கணக்கு வைக்கவே இல்லை. 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது: முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகையில் ஒருவர் போதும். இரண்டாம் வகையில் நூறு பேர் இருந்தும் பயனில்லை. துணைச் சான்று தேடும் வேலை எல்லாம் மூன்றாம் வகைக்குத்தான். சதி வழக்குச் சாட்சிகள் பெரும்பாலும் அந்த மூன்றாம் வகை.

அமெரிக்க அதிபர் லிங்கன் கொலையில் தேடப்பட்ட ஜான் சராட் 1867-இல் விசாரிக்கப்பட்டார். கொலை நடந்த அன்று அவரை வாஷிங்டனில் பார்த்தோம் என்று பலர் சாட்சி சொன்னார்கள். அதே நேரத்தில் அவர் நியூயார்க் மாகாணத்து எல்மைராவில் இருந்தார் என்றும் சாட்சிகள் வந்தார்கள். நடுவர் குழு ஒத்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. இரு பக்கத்தாரையும் பொய்யர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரெல்லாம் ஒருவர் படம் ஒட்டப்பட்ட பிறகு, "அன்று பார்த்த ஆள் இவர்தானோ" என்ற எண்ணம் மெல்ல "இவரேதான்" என்று இறுகிவிடும். ஆகவே சாட்சி அந்த ஆளை முதன்முதல் எப்போது, யாரிடம் அடையாளம் சொன்னார் என்று பாருங்கள். படம் வெளிவருவதற்கு முன்பா, பின்பா? அடையாள அணிவகுப்பு நடந்திருந்தால் அதற்கு முன் போலீஸ் நிலையத்தில் அவரைப் பார்க்க வாய்ப்பு இருந்ததா? இதற்கு விடை கிடைக்காத அடையாளத்தைப் பாதி எடைக்குக்கூட வைக்காதீர்கள்.

அப்ரூவர் சொன்னதை ஏன் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்? அவர்தானே உள்ளே இருந்தவர்?

உள்ளே இருந்தவர் என்பதுதான் பலம், பலவீனமும் அதுவேதான். அப்ரூவருக்கு மன்னிப்பு சும்மா கிடைப்பதில்லை. தனக்குத் தெரிந்தது முழுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நிபந்தனை. மறைத்தார் என்று தெரிந்தால் மன்னிப்பு போய்விடும், அவரே எதிரிக் கூண்டில் ஏற வேண்டும். "முழுவதும் சொல்லிவிட்டாரா" என்று முதலில் தீர்மானிப்பவர்கள் அரசுத் தரப்பினர். அவர்கள் எதிர்பார்க்கும் பெயர் ஒன்று பட்டியலில் இல்லாவிட்டால், அவர் சொன்னது அரைகுறையாகத் தெரியும். விசாரணை முடியும்வரை அவர் காவலில்தான் இருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இரண்டு விதிகள் அருகருகே இருந்தன. 1872 சாட்சியச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, உடந்தையாளர் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது. 114-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்றோ, முக்கிய விவரங்களில் துணைச் சான்று இல்லாவிட்டால் அவரை நம்பத்தகாதவர் என்று கொள்ளலாம் என்றது. நீதிமன்றங்கள் நடைமுறையில் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டன. முதலில் இவர் நம்பத்தக்க சாட்சியா என்று பார், அதில் தேறினால் மட்டும் துணைச் சான்றுக்குப் போ என்று 1957-இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையும் வகுத்தது. வரலாறு எழுதுபவர்களுக்கும் இந்த வரிசைதான் பொருத்தம். நாம் அடிக்கடி தலைகீழாகச் செய்கிறோம். ஒரு விவரம் பொருந்திவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஆளையே நம்பிவிடுகிறோம்.

எது துணைச் சான்று, எது இல்லை?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சம்பவம் நடந்தது என்பதற்கான ஆதாரம் வேறு. அந்தச் சம்பவத்தில் இன்னார் இருந்தார் என்பதற்கான ஆதாரம் வேறு. முதலாவதை எவ்வளவு குவித்தாலும் அது இரண்டாவதாக மாறாது.

ஆஷ் வழக்கிலிருந்தே பார்ப்போம். சங்கத்தில் சேர்ந்தபோது நடந்த உறுதிமொழிச் சடங்கை அப்ரூவர் சாட்சியம் விரிவாகச் சொல்கிறது. காளி படம், தாளின் தலைப்பில் "வந்தே மாதரம்", குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளையர் ரத்தமாகப் பாவித்துக் குடித்தது, விரலைக் கீறிப் பெயருக்கு நேரே ரத்தக் கைநாட்டு வைத்தது. இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் சொன்னால் கேட்பவர் மனம் தானாகவே சாயும். இனி, அந்த வீட்டில் குங்குமச் சிமிழும் காளி படமும் கைப்பற்றப்பட்டதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எதை நிறுவுகிறது? அங்கே பூசை நடந்திருக்கலாம் என்பதை. நான்காவதாகக் கைநாட்டு வைத்தவர் தூத்துக்குடிக்காரர் இன்னார் என்பதை அது தொடவே இல்லை. அந்தத் தாளே அவருடைய பெருவிரல் ரேகையோடு கிடைத்தால் அது தொடும். அன்று அவர் அந்த ஊரில் தங்கியதற்குச் சத்திரத்துப் பதிவேடு, மணியார்டர் ரசீது, சதியைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு கடைக்காரரின் கணக்கு கிடைத்தால் அவையும் தொடும்.

காரணம் எளிது. உள்ளிருந்து வந்த சாட்சிக்கு நிகழ்ச்சி முழுக்கத் தெரியும். நாள், இடம், சொன்ன வார்த்தை எல்லாம் மெய்யாகவே இருக்கும். ஒரே ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்தால் போதும். நண்பனைக் காப்பாற்றவோ பகையாளியை மாட்டிவிடவோ அதற்கு மேல் பொய் தேவையில்லை. மற்ற அத்தனையும் சோதனையில் தேறும். அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1949-இல் புபோனி சாகு வழக்கில் எச்சரித்ததும் இந்த ஆபத்தைத்தான். ஆகவே பெயர் பெயராகப் பிரித்துச் சோதியுங்கள். அப்ரூவர் எட்டுப் பேரைச் சொன்னால் எட்டுத் தாள் எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த ஒருவரைத் தொடும் வெளி ஆதாரத்தை மட்டும் எழுதுங்கள். சில தாள்கள் வெறுமையாகவே நிற்கும்.

இரண்டு அப்ரூவர்களும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்களே?

ஓர் உடந்தையாளர் இன்னொருவருக்குத் துணைச் சான்று ஆக மாட்டார். இருவர் மேலும் ஒரே கறை இருக்கிறது. அதிலும் ஒருவர் சொல்லித்தான் மற்றவர் பிடிபட்டார் என்னும்போது, இரண்டாமவரிடம் கேள்வி கேட்டவர்களின் கையில் முதலாமவரின் கதை ஏற்கெனவே இருந்தது. எந்தத் தேதியில் யார் வாக்குமூலம் பதிவானது, இடையில் இருவரும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டார்களா என்று பாருங்கள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால் அதுவே கவலைக்கு உரியது. இரண்டு பேர் தனித்தனியே நினைவிலிருந்து சொன்னால் வரிசை கலையும், ஒருவர் கவனித்ததை மற்றவர் தவறவிடுவார்.

கொலை நடந்தபோது நீலகண்டர் அந்தப் பக்கமே இல்லையே?

இல்லை. அவர் வடக்கே இருந்தார், கல்கத்தாவில் சரணடைந்தார். ஆனால் சதிக் குற்றத்துக்கு நேரில் நிற்க வேண்டியதில்லை. உடன்பாடு செய்துகொண்டதே குற்றம். ஆகவே "அவர் அங்கே இல்லை" என்பது கொலையில் நேரடிக் கை இல்லை என்று காட்டும், உடன்பாடு இல்லை என்று காட்டாது. அவர் பிரிந்து போய்விட்டாரா, போயிருந்தால் எப்போது என்பதுதான் அவர் விஷயத்தில் சரியான கேள்வி. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, பொது நோக்கம் உருவான பிறகு அதைப் பற்றி ஒருவர் சொன்னதும் எழுதியதும் செய்ததும் மற்றவர்களுக்கு எதிராகவும் சென்றது. சதி முடிந்த பிறகு பிடிபட்டவர் நடந்ததைக் கதையாகச் சொன்னால் அது இதில் அடங்காது என்று பிரிவி கவுன்சில் 1940-இல் மிர்சா அக்பர் வழக்கில் எல்லை போட்டது. ஒவ்வொரு கடிதத்துக்கும் கூற்றுக்கும் தேதி போட்டு, சதி நடக்கும்போது எழுந்தவை, முடிந்த பிறகு சொல்லப்பட்டவை என்று இரண்டு கட்டாகக் கட்டி வையுங்கள்.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம் உடந்தையாளர்களைப் பற்றி எதுவும் சொல்கிறதா?

பெயர் ஒன்றும் சொல்லவில்லை. மூவாயிரம் மதராசிகள் உறுதி எடுத்திருப்பதாகவும், அவர்களில் கடையேனாகிய தான் இதைச் செய்ததாகவும் சொல்லி, தன் பெயர், ஊரோடு முடிகிறது. தன் செயலைப் பற்றி வாஞ்சி தானே எழுதியது என்ற அளவில் அதற்கு மிகப் பெரிய எடை. "மூவாயிரம்" என்ற எண்ணுக்கு அந்த எடை கிடையாது. அது எதிரிக்கு விடுத்த அறைகூவல், ஆள் கணக்கு அல்ல. அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சங்க உறுப்பினர் தொகையாகப் போடும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. அதை நிறுத்த வேண்டும்.

நீதிமன்றம் விடுவித்தவரை வரலாற்றில் உடந்தை என்று எழுதலாமா?

கவனமாக எழுதலாம், முடிவாக எழுதக் கூடாது. காந்தி கொலை வழக்கில் திகம்பர் பாட்கே அப்ரூவர் ஆனார். 1949 பிப்ரவரியில் சிறப்பு நீதிபதி ஆத்ம சரண் அவரை நம்பத்தக்க சாட்சியாகவே ஏற்றார். வெளி ஆதாரம் துணை நின்ற இடங்களில் அவர் சொல் மற்றவர்களைத் தண்டிக்க உதவியது. சாவர்க்கர் விஷயத்தில் மட்டும், அப்ரூவர் சொன்னதைத் தாண்டி நிற்கும் துணைச் சான்று இல்லை என்று அவரை விடுவித்தார். ஒரே சாட்சி, ஒரே தீர்ப்பு, ஆளுக்கு ஆள் வேறு முடிவு. மேலே சொன்ன எட்டுத் தாள் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அங்கே சொல்லப்பட்டது "ஆதாரம் போதவில்லை" என்பதே. நாம் அதை "பங்கே இல்லை" என்று வளர்க்கவும் கூடாது, "தப்பித்துவிட்டார்" என்று திரிக்கவும் கூடாது. ஆஷ் வழக்கில் விடுதலையானவர்களுக்கும் இதே மரியாதை கொடுங்கள்.

"அந்த ஆள் எங்க ஊர்க் கரையில் தோணி ஏறித்தான் தப்பினார்" என்ற கதையை எப்படிச் சோதிப்பது?

இப்படி ஒரு கதை கிடைத்தால் சிரித்துத் தள்ளாதீர்கள், உடனே நம்பவும் வேண்டாம். முதலில் பாதையைப் பாருங்கள். தனுஷ்கோடி போய்க் கப்பலேறி தலைமன்னாரில் இறங்கினார் என்று கதை சொன்னால், அந்தப் பகுதி பிற்காலத்தில் ஒட்டியது. பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியதும் 1914-இல்தான். 1911-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரைதான் ரயில், அது 1902-இல் வந்தது. போட் மெயில் அப்போது தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது. மணியாச்சி அந்தப் பாதையில் இருந்ததால்தான் ஆஷ் அங்கே காத்திருந்தார். "போட் மெயில்" என்ற பெயரைக் கேட்டதும் நம் கடற்கரைக்காரர்களுக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். கதை அந்த நினைவோடு சேர்ந்து வளர்ந்திருக்கலாம்.

அடுத்து காற்று. நிகழ்ச்சி நடந்தது ஆனி மாதத் தொடக்கத்தில். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் காலம். கீழக்கரை, ஏர்வாடி இருக்கும் தென்கடல் அப்போது கொந்தளிக்கும். தேவிபட்டினம், தொண்டி இருக்கும் வடகடல் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் அமைதி. ஜூன் மாதத்தில் கீழக்கரையில் தோணி ஏறினார் என்றால் முடியாது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஏன் அந்தக் கரை என்று கதைக்குள் ஒரு காரணம் இருக்க வேண்டும். தொண்டி என்றால் அந்தக் கேள்வி எழாது.

மூன்றாவது, தாள். ராமநாதபுரம் மாவட்டமே 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவானது. அப்போது அதற்கு வயது ஒன்று. ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. ஆகவே "ராம்நாட்" என்ற தலைப்பில் கிடைக்கவில்லை என்று தேடலை நிறுத்தாமல் மதுரை, திருநெல்வேலிக் கோப்புகளையும் பாருங்கள்.

மூன்றிலும் தேறினால், "நடந்திருக்கக் கூடியது" என்ற நிலைக்குக் கதை வருகிறது. அந்த ஆளின் பெயரை இதில் சேர்ப்பதற்கு இன்னும் ஓர் ஆதாரம் தனியே வேண்டும்.

1798-இல் ராமநாதபுரத்தில் கிளார்க் கொல்லப்பட்டதற்கும் இதே முறை பொருந்துமா?

அது திட்டமிட்ட படுகொலை அல்ல, கைகலப்பு. ராமலிங்க விலாசத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்து வெளியேறும்போது கோட்டை வாசல் நெரிசலில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பின்னர் கும்பினி அமைத்த விசாரணைக் குழுவின் முன் ஜாக்சனின் நடத்தையே கேள்விக்கு உள்ளாகி அவர் பதவி இழந்தார். நெரிசலில் குத்தியது யார் கை என்பதற்குப் பாட்டும் கூத்தும் சொல்வது வேறு, ஆவணம் தாங்குவது வேறு. அங்கே நின்ற எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்து ஆட்கள். இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் விவரங்களை முதலில் பிரித்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் வழி.

ஊர்ப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

1911-ஐ நேரில் பார்த்தவர் இன்று யாரும் இல்லை. எண்பத்தைந்து வயதுப் பெரியவர் சொல்வது, அவர் சிறுவயதில் தன் தாத்தாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டது. அது குறையல்ல. ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும்.

முதலில் அவர் போக்கில் முழுக்கச் சொல்ல விடுங்கள். குறுக்கே பெயர் எடுத்துக் கொடுக்காதீர்கள். "மாடசாமிதானே அது?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரும் மாடசாமி உங்களுடையவர். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினாலே விடை மாறும் என்பது சோதித்து அறிந்த செய்தி. ஒரே விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் "மோதின" என்று கேட்டதற்கும் "நொறுங்கின" என்று கேட்டதற்கும் வேறு வேறு வேகம் சொன்னார்கள். 1974-இல் நடந்த ஆய்வு அது.

பிறகு நிதானமாகக் கேளுங்கள்: "ஐயா, இத நீங்க யார் சொல்லிக் கேட்டீங்க? அப்ப உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? அவுக நேர்ல பாத்தாகளா, இல்ல அவுகளும் கேட்டதா?" 1964 டிசம்பர் புயலைப் பற்றிப் பேசும் பெரியவர்களைக் கவனித்தால் இந்தக் கேள்வியின் தேவை புரியும். தனுஷ்கோடியில் தன் கண்ணால் கண்டதையும் பிறகு செய்தித்தாளில் படித்ததையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். பொய் அல்ல. நினைவுக்கு இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன.

சில வாரம் கழித்து இன்னொரு முறை போய் அதே கதையைக் கேளுங்கள். இரண்டு முறையும் மாறாமல் நின்ற பகுதியையும், இடையில் வளர்ந்த பகுதியையும் தனியே குறியுங்கள். ஒலிப்பதிவை அப்படியே வைத்திருங்கள், எழுத்து நடைக்கு மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு பதிவை அழித்துவிடாதீர்கள். ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவர் குடும்பம் என்று சொல்லும் பகுதி வந்தால், அந்தக் குடும்பத்தாரிடமும் கேட்காமல் வெளியே கொடுக்க வேண்டாம். அவர்கள் பிள்ளைகள் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

மூல ஆவணங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

பழையதிலிருந்து புதியதற்கு. கைப்பற்றிய கடிதங்கள், சம்பவ நாளை ஒட்டிய தந்திகளும் அறிக்கைகளும், மாஜிஸ்திரேட் முன் பதிவான வாக்குமூலம், நீதிமன்றச் சாட்சியமும் குறுக்கு விசாரணையும், தீர்ப்பு, கடைசியில் நினைவுக் குறிப்புகள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீதித் துறைக் கோப்புகளைக் கேளுங்கள். தீர்ப்பு, சென்னைச் சட்ட அறிக்கை வரிசையின் 35-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. சங்கரன் நாயரின் மாறுபட்ட தீர்ப்பை விட்டுவிட்டுப் பெரும்பான்மைத் தீர்ப்பை மட்டும் படித்தால், ஒரே சாட்சியத்தை மூன்று நீதிபதிகள் எப்படி வேறு வேறாக எடைபோட்டார்கள் என்பது தெரியாமலே போகும். ஒரு பெயர் முதன்முதல் எந்தத் தாளில் தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நினைவுக் குறிப்பில் மட்டும் முளைக்கும் பெயர்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

வீட்டுப் பெட்டியில் 1911-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. என்ன செய்வது?

வெயிலில் காயவைக்காதீர்கள், லேமினேஷன் போடாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். நம் கரையின் உப்புக் காற்று தாளை ஈரமாகவே வைத்திருக்கும். துவைத்த பருத்தித் துணியில் தட்டையாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில், சுவரைத் தொடாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். அதற்கு முன் நிழல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இரு பக்கமும் படம் எடுங்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள். அஞ்சல் முத்திரையில் இருக்கும் ஊரும் தேதியும் சில சமயம் கடிதத்தைவிடப் பெரிய சான்று.

பிறகு காலத்தைச் சோதியுங்கள். இந்தியாவில் ஐந்தாம் ஜார்ஜ் தலை அச்சிட்ட தபால்தலை 1911 கடைசியில்தான் வந்தது. ஜூன் மாதக் கடிதத்தில் அது இருக்க முடியாது, பெரும்பாலும் ஏழாம் எட்வர்டு தலைதான் இருக்கும். எழுத்தையும் பாருங்கள். லை, னை, றா, ணா போன்றவற்றை இன்று எழுதும் வடிவம் 1978 அரசாணைக்குப் பிறகு பரவியது. அதற்கு முன் பள்ளியில் படித்தவர் "லை"யை மேலே துதிக்கை போல வளைத்துத்தான் எழுதியிருப்பார். கடிதம் முழுக்கப் புது வடிவமாக இருந்தால் அது பிற்காலத்தில் யாரோ எடுத்த நகல். நகல் என்றாலும் தூக்கிப் போட வேண்டாம். யார், எப்போது, எதைப் பார்த்து எழுதினார் என்று வீட்டில் கேட்டு, விடையைத் தனித் தாளில் எழுதி உறையோடு சேர்த்து வையுங்கள்.